கரடி வந்த ராத்திரி கேமரா என்ன செய்துகொண்டிருந்தது?

வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, அசைவு தெரிந்தால் பதிவு செய்யும் 'மோஷன்' என்ற இலவச மென்பொருளையும் ஒரு வெப்கேமையும் வைத்து வாசலைக் காவல் காக்கலாம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அது வினையாகிவிட்டது. நீலகிரியில் இருந்து வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் மலையில் பாதிப் பேர் ஜன்னலில் கேமரா ஒட்டிவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆகவே இந்த முறை முழுக்க அதுதான். ஒரு சின்ன விஷயம்: நான் தமிழில் எழுதுகிற அமைப்புப் பெயர்களை மோஷனின் அமைப்புகள் எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஆங்கிலத்தில் தேடுங்கள். இரண்டு மூன்று வார்த்தைகள் உள்ள பெயர் என்றால் நடுவில் இடைவெளி இருக்காது, அண்டர்ஸ்கோர் (_) இருக்கும்.

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்) எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் அறுபது அடி தள்ளி சாமான் அறை. கரடி இரண்டு முறை கதவைப் பெயர்த்து, கோயில் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய் டின்னைக் காலி செய்துவிட்டுப் போனது. நீங்கள் சொன்னபடி லினக்ஸ் மின்ட், மோஷன், வெப்கேம் எல்லாம் வைத்தேன். முதல் வாரம் தினமும் காலையில் நூறு வீடியோ, அத்தனையிலும் வெறும் மூடுபனி. எவ்வளவு அசைந்தால் பதிவு என்ற வரம்பை, அதாவது திரெஷோல்டை, ஏற்றிக்கொண்டே போய் 40,000 வைத்த பிறகுதான் அடங்கியது. போன செவ்வாய்க்கிழமை கரடி மூன்றாவது முறையாக வந்தது, கதவு போனது, வீடியோ மட்டும் ஒன்றுகூட இல்லை. இதற்கா இவ்வளவு வயர் இழுத்தாய் என்று அம்மா கேட்கிறார். (சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி)

பதில்: அம்மா கேட்பது நியாயம்தான். ஆனால் கேமரா தூங்கவில்லை, நீங்கள் அதன் காதில் பஞ்சை அடைத்துவிட்டீர்கள்.

மோஷனுக்குக் கரடி, மூடுபனி, மாமியார் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்ணிக்கை ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக வருகிற படத்தில் எத்தனை பிக்சல் மாறியிருக்கிறது என்று எண்ணும். அந்த எண்ணிக்கை திரெஷோல்டைத் தாண்டினால் பதிவு, இல்லாவிட்டால் இல்லை. 640க்கு 480 படத்தில் மொத்தம் 3,07,200 பிக்சல். மென்பொருளோடு வருகிற திரெஷோல்ட் 1500, அதாவது அரை சதவீதம்கூட இல்லை. நீங்கள் வைத்த 40,000 என்பது படத்தில் எட்டில் ஒரு பங்கு.

இப்போது கரடியைக் கணக்கு போடுவோம். சாதாரண வெப்கேமின் பார்வை அகலத்தை வைத்துப் பார்த்தால், அறுபது அடி தூரத்தில் படம் முழுக்க இருபது மீட்டர் சொச்சம் அகலம் விழும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கரடி அதில் ஏறக்குறைய 45க்கு 25 பிக்சல், மொத்தம் 1,100 சில்லறை. நீங்கள் திரெஷோல்டைத் தொடாமலே விட்டிருந்தாலும் அந்தக் கரடி 1500ஐத் தாண்டியிருக்காது! ஜன்னலுக்கு வெளியே திட்டுத்திட்டாகக் கடக்கும் மேகமோ படத்தில் பாதியை மாற்றிவிடும். உங்கள் கேமராவின் கணக்கில் கரடி எறும்பு, மூடுபனி யானை. இந்த நிலைமையில் எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் பிரிக்க வேண்டியது தலைகீழாக இருக்கிறது.

அதனால் கான்ஃபிக் ஃபைலை மூடிவிட்டு ஏணியை எடுங்கள். கேமராவைச் சாமான் அறைக் கதவில் இருந்து பத்தடி தூரத்தில், கூரையின் இறவாணத்துக்கு அடியில் கொண்டுபோய் வையுங்கள். அங்கே அதே கரடி 270க்கு 150 பிக்சல், ஏறக்குறைய 40,000. கேமராவுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் மூடுபனியும் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இது ஒன்றிலேயே உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். வெப்கேம் மழை தாங்காது, ஒரு ஸ்வீட் டப்பாவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே உட்காரவைத்தால் போதும். கேபிளில்தான் கவனம் வேண்டும். யூஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரும் அல்லது கேமராவே தெரியாது, நீளம் வேண்டுமென்றால் நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் ரிப்பீட்டர் கேபிள் வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடு ஒன்று செருகிக்கொண்டே போகாதீர்கள், நான் செய்து பார்த்து இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன்.

அடுத்தது வெளிச்சம். கறுத்த கரடி, கறுத்த இரவு. ஒரு பிக்சல் மாறியதாகக் கணக்கில் வரவேண்டுமென்றால் அதன் பிரகாசம் குறிப்பிட்ட அளவாவது மாற வேண்டும், அதைத்தான் நாய்ஸ் லெவல் என்கிறார்கள், 255க்கு 32 என்று வைத்து வரும். இருட்டில் கரடிக்கும் சுவருக்கும் அந்த 32 வித்தியாசமே வராது. இன்ஃப்ராரெட் விளக்கு வாங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள், சாதாரண வெப்கேமில் அந்த ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் உள்ளேயே இருப்பதால் காசு தண்டம். 9 வாட்ஸ் எல்இடி பல்பு ஒன்று போதும், ஆனால் அதைக் கேமராவுக்குப் பக்கத்தில் மாட்டவே மாட்டாதீர்கள். மூடுபனியில் காரின் ஹைபீமைப் போட்டால் எதிரில் வெள்ளைச் சுவர்தானே தெரியும், அதேதான் நடக்கும். போதாததற்கு பூச்சி வேறு லென்ஸ் முன்னால் கூத்தாடும். பல்பு கதவுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், கேமரா வேறு மூலையில் இருந்து பார்க்கட்டும்.

சரி, இத்தனையும் செய்த பிறகுதான் எண்கள். டெக்ஸ்ட் சேஞ்சஸ் என்பதை ஆன் செய்தால் படத்தின் வலது மேல் மூலையில் மாறிய பிக்சல் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், அதே லேப்டாப்பின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், இடைவெளி விடாமல் ஒரு கோலன் (:), 8081 என்று ஆங்கிலத்தில் போட்டால் நேரடியாகப் பார்க்கலாம். ஒரு சாயங்காலம், மேகம் இறங்குகிற நேரத்தில், கையில் பேப்பரும் பேனாவுமாக உட்காருங்கள். வெறும் வாசலுக்கு என்ன எண் வருகிறது, மேகம் கடக்கும்போது எவ்வளவு ஏறுகிறது, எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தம்பியையோ மகனையோ கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான்கு காலில் கதவு வரை போய்வரச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், என் வீட்டில் நானே போனேன், மேகத்துக்கு 2,000ஐ ஒட்டி நின்ற எண் எனக்கு 19,000 தொட்டது, மனைவி அதை வீடியோவாகவும் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைத் திரெஷோல்டாக வையுங்கள், மேகத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கட்டும். தப்பாக வரும் நாலு வீடியோவை அழித்துக்கொள்ளலாம், பதிவாகாமல் போன கரடியைத் திரும்பக் கூப்பிட முடியாது.

இன்னும் இரண்டு. மினிமம் மோஷன் ஃப்ரேம்ஸ் என்பதை 3 அல்லது 4 ஆக்கினால் ஒரே ஒரு ஃப்ரேமில் பளிச்சென்று மறையும் டார்ச், மின்னல், பூச்சி எல்லாம் கழிந்துவிடும். ப்ரீ கேப்சரை 5 வைத்தால் அசைவு தெரிவதற்கு முந்தைய 5 ஃப்ரேமும் சேர்ந்து வரும், கரடி எந்தப் பக்கம் இருந்து வந்தது என்று தெரியும். அதை ஆசைப்பட்டு ஐம்பது அறுபது ஆக்காதீர்கள், பழைய லேப்டாப் திணறி நடுவில் ஃப்ரேம்களை விழுங்கிவிடும். சில்வர் ஓக் கிளையோ கொடியில் காயும் துணியோ படத்தில் ஆடிக்கொண்டிருந்தால் மாஸ்க் ஃபைல்: படத்தின் அதே அளவில் பிஜிஎம் என்ற வடிவத்தில் ஒரு படம், கவனிக்க வேண்டிய இடம் வெள்ளை, விட்டுவிட வேண்டிய இடம் கறுப்பு. கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஐந்து நிமிட வேலை.

எண்ணெய் டின்னை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள் என்று சொல்லாமல் விட்டால் நான் முட்டாள். வாசத்துக்குத்தானே அது வருகிறது.

கேள்வி: ஹோம்ஸ்டே நடத்துகிறேன். கேட்டுக்கு ஒரு கேமரா, பின்பக்கம் காட்டுமாடு வரும் வழிக்கு ஒரு கேமரா. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் வேலை செய்கின்றன. சேர்த்துப் போட்டால் இரண்டாவது வருவதில்லை, மென்பொருள் நடந்ததை எழுதிவைக்கும் லாகில் 'டிவைஸில் இடமில்லை' என்று வருகிறது. ஹார்டு டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருக்கிறது. போன மாத வீடியோக்களை எல்லாம் அழித்தும் பார்த்துவிட்டேன். (வாசகி, குன்னூர்)

பதில்: ஐயோ, அழித்துவிட்டீர்களா? அந்தச் செய்திக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. லினக்ஸில் ஆளைத் திசைதிருப்பும் செய்திகளுக்குப் போட்டி வைத்தால் இதற்குத்தான் முதல் பரிசு. இடமில்லாதது டிஸ்க்கில் அல்ல, யூஎஸ்பி பாதையில்.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் வந்து நிற்கும்போது ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்கள் பாருங்கள், வெப்கேமும் அதைத்தான் செய்கிறது. ஓட ஆரம்பிக்கும்போதே தனக்கு இவ்வளவு பாதை வேண்டும் என்று முன்கூட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுருக்காத ஒய்யூஒய்வி வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட், 640க்கு 480 படம் நொடிக்கு 30 என்றால் 18 மெகாபைட்டைத் தாண்டும். யூஎஸ்பி 2 பாதை முழுவதுமே ஏட்டில் நொடிக்கு 60 மெகாபைட்தான், அதிலும் எல்லாவற்றையும் கேமராவுக்குத் தரமாட்டார்கள். ஒரு ஆளுக்கு மூன்று சீட் பிடிக்கிற மாமாக்கள் மாதிரி சில கேமராக்கள் தேவைக்கு மேலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது கேமரா வந்து பார்க்கும்போது துண்டு போடாத சீட் இல்லை.

செய்ய வேண்டியது: இரண்டு கேமராவையும் சுருக்கிய எம்ஜேபெக் வடிவத்துக்கு மாற்றுங்கள், மோஷனின் இப்போதைய பதிப்புகளில் பட வடிவத்தைச் சொல்லும் பேலட் எண் 8. அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு கேமராவை வேறு கன்ட்ரோலரில் (யூஎஸ்பி பாதையை நடத்தும் சிப்) இருக்கும் போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். பக்கத்துப் போர்ட்டில் மாற்றிச் செருகினால் கன்ட்ரோலர் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை, டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி, ஒரு இடைவெளி, மைனஸ் டி (ட்ரீ என்பதன் முதல் எழுத்து, சின்ன எழுத்தில்) என்று அடித்தால் எது எந்தக் கிளையில் தொங்குகிறது என்று மரம் மாதிரி காட்டும். இரண்டையும் ஒரே ஹப்பில் செருகியிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள்.

அப்படியே இன்னொன்று. விருந்தினர் தங்கும் இடத்தில் கேமரா கேட்டையும் காட்டுமாட்டையும் மட்டும் பார்க்கட்டும், அறை வாசல், வராந்தா பக்கம் திரும்ப வேண்டாம். கேமரா இருக்கிறது என்று ஒரு போர்டும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் டெர்மினலில் கையால் ஓட்டினால் மோஷன் நன்றாகப் பதிவு செய்கிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக ஓடும்படி வைத்தால் ஓடுவதாகக் காட்டுகிறது, ஆனால் என் வீடியோஸ் ஃபோல்டரில் ஒன்றுமே விழுவதில்லை. உபுண்டு. (பாலிடெக்னிக் மாணவன், கூடலூர்)

பதில்: தம்பி, நீ ஓட்டும்போது ஓட்டுவது நீ. தானாக ஓடும்போது ஓட்டுவது 'மோஷன்' என்ற பெயரிலேயே உருவான வேறொரு யூசர். அந்த யூசருக்கு உன் வீட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை. உபுண்டு 21.04 பதிப்பில் இருந்து ஒருவர் ஹோம் ஃபோல்டரை இன்னொருவர் திறந்துகூடப் பார்க்க முடியாதபடிதான் வருகிறது. வீடியோஸ் ஃபோல்டருக்கு மட்டும் எல்லா அனுமதியையும் வாரிக் கொடுத்தாலும் வாசல் கதவு பூட்டியிருந்தால் உள்ளறை திறந்திருந்து என்ன பயன்?

ஹோம் ஃபோல்டரைத் திறந்து போடாதே. வீடியோ எங்கே விழ வேண்டும் என்று சொல்லும் டார்கெட் டிர் என்பதை மோஷனுக்குச் சொந்தமான இடத்துக்கே விட்டுவிடு, 'வார்' ஃபோல்டருக்குள் 'லிப்', அதற்குள் 'மோஷன்'. அங்கே இருந்து பார்க்க உன்னை மோஷன் குரூப்பில் சேர்த்துக்கொள். மோஷன் யூசர் வீடியோ குரூப்பில் இருக்கிறதா என்றும் பார், இல்லாவிட்டால் கேமராவையே தொட முடியாது. பேக்கேஜாக நிறுவியிருந்தால் பெரும்பாலும் இருக்கும்.

அப்புறம், நீ சோதித்துப் பார்க்க 'சீஸ்' என்ற கேமரா மென்பொருளையோ பிரவுசரையோ திறந்து கேமராவை ஓடவிட்டிருந்தால் அது மூடும் வரை மோஷனுக்குக் கேமரா கிடைக்காது, 'பிஸி' என்று லாகில் வரும். ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு பெயர் தெரிந்தாலும் குழம்பாதே, இரண்டாவதில் படம் வராது, அது கேமராவைப் பற்றிய உபரித் தகவலுக்கானது. எல்லாவற்றுக்கும் முன்னால் லாகைப் படி. 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்', அதற்குள் 'மோஷன்'. நீ எனக்கு எழுதிய கடிதத்தைவிட அது சின்னது, பதிலும் அதில்தான் இருந்திருக்கும்.

கேள்வி: மழைக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால், அந்த நேரத்தில் பதிவாகிக்கொண்டிருந்த வீடியோ அப்புறம் திறப்பதே இல்லை. சைஸ் மட்டும் காட்டுகிறது. (வாசகர், குன்னூர்)

பதில்: எம்பி4 வடிவத்தில் பதிவு செய்கிறீர்கள். அதில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வீடியோ முடியும்போதுதான் எழுதுவார்கள். முடிவதற்குள் கரண்ட் போனால் அட்டவணை இல்லாத மூட்டைதான் மிஞ்சும். மூவி கோடெக்கை எம்கேவி ஆக்கிவிடுங்கள், பாதியில் அறுந்தாலும் அதுவரை உள்ளது ஓடும். மூவி மேக்ஸ் டைமை 60 நொடி வைத்தால் போவதும் சின்னத் துண்டாகவே போகும். ஏற்கெனவே கெட்டதை அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் காட்டி மீட்கும் 'அன்ட்ரங்க்' என்ற நிரல் இருக்கிறது, சில சமயம் கைகொடுக்கும். வடகிழக்குப் பருவமழை உங்கள் சரிவில்தான் மோதும், ஐப்பசிக்கு முன்னால் ஒரு யூபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ராத்திரி 9 மணிக்குக் கடை மூடி லேப்டாப்பையும் மூடிவிட்டுப் போகிறேன். 9 மணிக்கு மேல் ஒரு வீடியோவும் இல்லை. (ஊட்டி)

பதில்: லேப்டாப்பை மூடினால் அதுவும் கடையை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடும்! லினக்ஸையே நடத்தும் சிஸ்டம்டியின் லாகின்ட் கான்ஃபிக் ஃபைலில் ஹேண்டில் லிட் ஸ்விட்ச் என்பதை (இங்கே அண்டர்ஸ்கோர் இல்லை, மூன்று வார்த்தையும் ஒட்டியே இருக்கும்) 'இக்னோர்' ஆக்கி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பவர் செட்டிங்ஸில் தானாக சஸ்பெண்ட் ஆவதையும் நிறுத்துங்கள்.

கேள்வி: பேக்கரி வைத்திருக்கிறோம். கடைக்குள் கேமரா. டியூப்லைட்டை அணைத்தால் சரியாக இருக்கிறது. போட்டால் ஆளே இல்லாத கடையில் விடிய விடியப் பதிவு. வீடியோவில் பட்டை பட்டையாக ஏதோ மேலே ஏறுகிறது. (வாசகர், குன்னூர்)

பதில்: பேய் இல்லை, 50 ஹெர்ட்ஸ். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பளிச்சிடும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பல வெப்கேம்கள் அமெரிக்கக் கணக்கில் 60 ஹெர்ட்ஸ் என்று வைக்கப்பட்டு வருவதால் அந்தத் துடிப்பு பட்டையாக ஏறுகிறது, மோஷன் அதை அசைவாக எண்ணுகிறது. வி4எல் யூட்டில்ஸ் என்ற பேக்கேஜை நிறுவி, அதில் வரும் கருவியால் பவர் லைன் ஃப்ரீக்வென்ஸி என்பதை 1 ஆக்குங்கள், 1 என்றால் 50 ஹெர்ட்ஸ், 2 என்றால் 60. கேமராவைப் பிடுங்கிச் செருகினால் பழையபடி ஆகிவிடலாம், அதனால் மோஷனின் புதிய பதிப்பு இருந்தால் வீடியோ பாராம்ஸ் வரியிலேயே எழுதி வைத்துவிடுங்கள். இதற்காகத் திரெஷோல்டைத் தொடாதீர்கள், கோத்தகிரிக்காரர் கதை மேலே இருக்கிறது.

கேள்வி: சிறுத்தை எங்கள் லைன் வீட்டு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) படியில் நடந்து போனது அழகாகப் பதிவாகியிருக்கிறது. ஸ்டேட்டஸில் போடலாமா? (எஸ்டேட் சூப்பர்வைசர், கூடலூர்)

பதில்: முதலில் உங்கள் வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்புங்கள், நாளும் மணியும் சேர்த்து. அதற்கு உங்கள் லேப்டாப் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், பழைய மெஷினில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்திருந்தால் ஆஃப் செய்து ஆன் செய்யும்போதெல்லாம் தேதி ஓடிப்போயிருக்கும், பாருங்கள். பக்கத்து வீடுகளுக்கும் காலையில் இலை பறிக்கப் போகிறவர்களுக்கும் நேரில் சொல்லுங்கள். ஸ்டேட்டஸில் இடத்தின் பெயரோடு போட்டால் அன்று சாயங்காலமே பைக்கில் கூட்டம் வரும், படிக்கட்டில் நின்று செல்ஃபி எடுக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு, ஒரு நாய் வளர்க்கலாமே என்கிறார் என் மாமனார். (வாசகர், கோத்தகிரி)

பதில்: வளர்க்கலாம். ஆனால் நம் மலையில் வாசலில் கட்டிய நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போகும், ராத்திரி அதை வீட்டுக்குள் விட வேண்டும், அப்புறம் வாசலை யார் பார்ப்பது? கேமராவைச் சிறுத்தை தூக்காது. குரங்கு தூக்கும். என்னுடையதைப் போன மாதம் டப்பாவோடு பிடுங்கி, வயரைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் போட்டுவிட்டுப் போனது. ப்ரீ கேப்சர் வைத்திருந்ததால் அதன் கை வருவதில் இருந்து எல்லாம் பதிவாகியிருந்தது.